எந்தப் பச்சை

செகந்திராபாத் ஜெனரல் பஜாரில் எங்கள் கடை இருக்கிற சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் படியேறி வழிவிட வேண்டும். அந்தப் படியில்தான் என் மிஷின் இருக்கிறது. சேலைக்கு ஃபால் தைப்பதும் ஓரத்துக்கு பீக்கோ அடிப்பதும் என் பிழைப்பு. உள்ளே இருப்பது மேட்சிங் சென்டர். சேலையைக் கொண்டுவந்து நீட்டினால் அதே நிறத்தில் ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால் எல்லாம் எடுத்துக் கொடுப்பார்கள். அதே நிறம் என்று வாயால் சொல்வது சுலபம். சிவப்பு மட்டுமே ஒரு சுவர் முழுக்க அடுக்கியிருக்கிறது. அதில் உங்கள் சிவப்பு எது என்று சொல்ல ஒரு கண் வேண்டும். இருபத்தேழு வருஷம் அந்தக் கண் விஜயகுமாரி அக்காவுடையதாக இருந்தது.

நான் கோபக்காரி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு குறை சொல்லாதீர்கள். அக்காவை அந்தக் கடையிலிருந்து வெளியே அனுப்பியது ஒரே ஒரு வார்த்தை. கெட்ட வார்த்தை இல்லை, வசவும் இல்லை. பச்சை. அவ்வளவுதான். இந்த ஊரில் அந்த வார்த்தையை நம்ப முடியாது என்று எனக்கு முன்பே தெரியும். ஆளை நம்பலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்கா லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். தாத்தா காலத்தில் அரக்கோணத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் அரக்கோணத்துத் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தெருவில் ஹைதராபாத் உருது. மூன்றிலும் காரமான வாய். அப்பா ரயில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அவர் சட்டையில் ஒட்டியிருக்கும் கறையைப் பார்த்தே இன்றைக்கு எந்தப் பெட்டிக்கு அடித்தார் என்று ஆறு வயதில் சொல்லிவிடுவாளாம். இதை அவள் சொல்லும்போதெல்லாம், "சும்மா அளக்காதீங்க அக்கா" என்பேன்.

"போடி, உனக்கு இன்னா தெரியும். நீ கருநீலச் சேலைக்குக் கருப்பு நூல் போட்டவதானே" என்பாள்.

போட்டது உண்மைதான். நான் கடைக்கு வந்த புதிதில், ஒரே ஒருமுறை. பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

துணி எடுக்க வருகிறவர்களிடம், ரோலைப் பிரிப்பதற்கு முன்னால், என்ன விசேஷம் என்று கேட்பாள். கேட்காமல் எதையும் பிரிக்க மாட்டாள். ஒரு வீட்டுக்கு மங்கலமான நிறம் பக்கத்து வீட்டுக்கு ஆகாது. சில வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்கு வெள்ளைச் சேலையில் மஞ்சள் தடவித்தான் கட்டுவார்கள். சில வீட்டில் வெள்ளையை மணமேடைப் பக்கமே விட மாட்டார்கள். ஒருநாள் கொண்டாப்பூரிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். ஐ.டி.யில் வேலை, வயிற்றில் ஏழு மாதம். கறுப்புப் பட்டுக்கு ரவிக்கை கேட்டாள், வளைகாப்புக்கு. எங்கள் முதலாளி ஆனந்தகுமார் சேட் பதறிப்போனார். சீமந்தத்துக்குக் கறுப்பா, என் கடையிலிருந்து அப்படி ஒரு துணி போகக் கூடாது என்று கத்திரியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அக்கா அவரை ஓரமாகக் கூப்பிட்டுப் போனாள்.

"சேட், அவங்க வீட்ல அது கண்ணு படாம இருக்கறதுக்கு. உங்க பேரப்புள்ளைக்குக் கன்னத்துல மை வைக்கிறீங்க இல்ல? அதேதான். நக்கோ, வேணாம்னு சொல்லி அனுப்பிடாதீங்க."

அந்தப் பெண் குழந்தை பிறந்ததும் இனிப்பு டப்பாவோடு வந்து நின்றாள். அதற்குப் பிறகு விசேஷத் துணி எதற்கும் அக்காவைக் கேட்காமல் சேட் கத்திரி வைத்ததில்லை.

இனி பூர்ணா.

நான் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து வந்தாள். வீடு குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில், சொந்த ஊர் சித்திப்பேட்டை பக்கம். வந்த முதல் வாரம் அக்கா கைவேலையாக இருந்தபடியே, "பச்சை நூல்கண்டு எடு" என்றாள். பூர்ணா மஞ்சள் நூலை எடுத்து நீட்டினாள். "பச்சைடி" என்றாள் அக்கா. பூர்ணா அதைவிடப் பளிச்சென்ற மஞ்சளாகத் தேடி எடுத்துவந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். தெலுங்கில், அதிலும் பூர்ணாவின் ஊர்ப்பக்கம், பச்ச என்றால் மஞ்சள். நம் பச்சைக்கு அவர்கள் ஆகுபச்ச என்பார்கள், அதாவது இலைப்பச்சை. நாம் மஞ்சள் காமாலை என்பதை அவர்கள் பச்ச காமெர்லு என்பார்கள். அக்காவுக்குத் தெலுங்கு தெரியும், இதுவும் தெரியும். ஆனால் கை வேலையில் இருக்கும்போது வாயில் வருவது தமிழ்ப் பச்சைதான்.

இதைப் பற்றி அக்காவுக்கு ஒரு கட்சி இருந்தது. எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, துணி மடித்துக்கொண்டே அவளாக யோசித்தது. நிறங்களுக்குச் சொந்தப் பெயரே கிடையாது, எல்லாம் இரவல் என்பாள். அரக்கு என்பது முத்திரை வைக்கிற அரக்கு. வாடாமல்லி பூவின் பெயர். மஞ்சள் கிழங்கின் பெயர். பச்சை என்பதோ நிறமே இல்லை. "பச்சைத் தண்ணின்றோம், பச்சைக் கொழந்தைன்றோம், புள்ள பெத்தவளைப் பச்சை ஒடம்புக்காரின்றோம். அதுல எங்கடி பச்சைக் கலர் இருக்குது? வேகாதது, காயாதது, ஈரம் போகாதது, அதுதான் பச்சை. நம்ம ஆளுங்க அந்த ஈரத்தை இலையில பாத்தாங்க. இவங்க ஆளுங்க பறிச்ச மஞ்சக் கெழங்குல பாத்தாங்க. அதுக்காக அடிச்சிக்க முடியுமா?"

அடித்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தம் போட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் மூன்று பேரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தபோது அக்கா சொன்னாள்: "இதோ பாரு பூர்ணா. இன்னியிலேர்ந்து நம்ம கடையில பச்சைன்னா இலை, கிளி, அவ்ளோதான். மஞ்சளா இருந்தா ஆர்டர் சீட்டுல ஹல்தின்னு எழுது. வர்றவங்க பச்சன்னு சொன்னா, எந்தப் பச்சன்னு கேட்டு எழுது. சரியா?"

"ஹவ் அக்கா. ஒட்டு" என்றாள் பூர்ணா. ஹவ் என்றால் ஆமாம், ஒட்டு என்றால் சத்தியம். எச்சில் கையோடு அக்காவின் தலையைத் தொடப் போனாள். அக்கா தட்டிவிட்டாள்.

பதினேழு வருஷம் அந்தச் சத்தியம் ஒருநாள்கூடத் தப்பவில்லை. இதைத் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர். சேட்டுக்குத் தெரியாது. சீட்டுகளை யாரும் எடுத்து வைப்பதில்லை, துணிப் பொட்டலத்தோடு போய்விடும்.

பூர்ணா எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டாள். "அக்கா, நீ சாப்பிடலேதண்டே நானும் சாப்பிடமாட்டே" என்று அவள் பேசுவதைக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கும். நல்லவள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவின் வீட்டுக்காரர் ராமசுவாமி மாரடைப்பில் போனார். பதினாறாம் நாள் முடிந்து அக்கா கடைக்கு வந்தாள், வெறும் நெற்றியோடு, சாம்பல் நிறச் சேலையில். அன்றைக்குக் கல்யாணச் சேலையோடு வந்த ஓர் அம்மா, அக்கா கை வைப்பதற்கு முன் சேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வேறு யாராவது எடுத்துத் தரட்டும் என்றார். நிறங்களோடேயே வாழ்ந்த ஒருத்தியிடம் அப்படிச் சொன்னார்கள். அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பூர்ணாதான் கவுன்ட்டரைத் தாண்டி வந்தாள். தன் நெற்றியில் இருந்த அரக்கு நிற ஸ்டிக்கரை எடுத்து அக்காவின் நெற்றியில் அழுத்தி ஒட்டிவிட்டு, அந்த அம்மாவிடம் தெலுங்கில், "இந்தக் கடையில் கலர் பார்ப்பது இவர் ஒருவர்தான். வேண்டாம் என்றால் எதிர்க்கடைக்குப் போங்கள்" என்றாள். அன்று கழிவறைக்குள் போய் அக்கா அழுதது எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவளை எப்படி நம்பாமல் இருப்பது, நீங்களே சொல்லுங்கள்.

போன தீபாவளி முடிந்ததும் சேட் கொண்டாப்பூரில் இன்னொரு கடை போடுவதாகச் சொன்னார். ஏ.சி., கண்ணாடிக் கதவு, எல்லாம் உண்டு. அதற்குப் பொறுப்பு விஜயகுமாரி அக்கா என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தார். அக்கா வெட்கப்பட்டாள். எனக்குத் தெரிந்து அவள் வெட்கப்பட்டது அன்று ஒருமுறைதான். பூர்ணா அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு என் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "குகட்பள்ளியிலிருந்து கொண்டாப்பூருக்கு எனக்கு ஒரே பஸ். பாவம், அக்கா எப்படி தினமும் போய் வருவா?" என்றாள். பாவம் என்று அவள் சொன்னது அக்காவுக்காக என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

மாசி மாதம் அந்த ஆர்டர் வந்தது. குகட்பள்ளியில் லலிதா அம்மா என்று ஒருவர், கரீம்நகர் பக்கத்துப் பெரிய குடும்பம், மகளுக்குக் கல்யாணம். ஒரு விசேஷத்துக்கு வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் கட்டுவதற்காக நாற்பத்தாறு வெள்ளை ஜார்ஜெட் சேலைகளை டிரைவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். ஒரே நிறமாகச் சாயம் போட்டுத் தர வேண்டும். நிறம் என்ன என்று போனில் சொல்வதாகச் சொல்லியிருந்தார். மறுநாள் காலை போன் வந்தது. எடுத்தது பூர்ணா. அன்றைக்கு அவளுக்கு என்ன அவசரமோ, எந்தப் பச்ச என்று கேட்கவில்லை. சீட்டில் தெலுங்கில் 'பச்ச, 46' என்று எழுதி மூட்டையில் குத்திவிட்டுப் போய்விட்டாள்.

அக்கா சீட்டைப் பார்த்தாள். அவளுக்கு அது பச்சை. மருதாணி விசேஷத்துக்கு இப்போதெல்லாம் பச்சைதானே கட்டுகிறார்கள், அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள். கரண்ட் இல்லாத நேரம். மாதிரித் துண்டை வெளிச்சத்தில் பார்க்கப் படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். என் மிஷின் ஓடவில்லை, ஃபேன் ஓடவில்லை, கடையே அமைதியாக இருந்தது. அங்கிருந்தபடியே உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"பூர்ணா, குகட்பள்ளிப் பார்ட்டிக்குப் பச்சைதானே?"

"ஹவ் அக்கா, பச்சைதான். சீட்டுல எழுதி இருக்குது கதா."

தமிழில்தான் கேட்டாள், தமிழில்தான் பதில் வந்தது, கடைசிக் கதா மட்டும் தெலுங்கு 'அல்லவா'. ஒரு கை தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அக்கா துண்டை எடுத்துக்கொண்டு பின் சந்தில் இருக்கும் சாயக்காரர் பாபுவிடம் போனாள். பாபு சீட்டைப் படிக்கிறவர் இல்லை, கையில் கொடுத்த துண்டின் நிறத்தைப் பார்க்கிறவர். நாற்பத்தாறும் இளம் கிளிப்பச்சையில் வந்தன. ஒன்றுக்கொன்று நூலளவு வித்தியாசம் இல்லை. அக்கா அதை மடித்து வைக்கும்போது தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லலிதா அம்மா நேரில் வந்து மூட்டையைப் பிரித்தார். முதல் சேலையைப் பார்த்தார், அடியில் இருந்ததையும் இழுத்துப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நாளை மறுநாள் பெண்ணுக்கு மஞ்சள் பூசுகிறோம். அதற்கா ஆகுபச்ச? பச்ச என்றுதானே சொன்னேன்" என்று தெலுங்கில் கேட்டார். பிறகு கத்தத் தொடங்கினார். சந்தில் போகிறவர்கள் நின்றார்கள். சேட் கல்லாவிலிருந்து இறங்கி வந்தார், மறுபடி சாயம் போட முடியுமா என்று அக்காவைக் கேட்டார்.

"மஞ்சளா இருந்தா மேல நீலம் ஏத்திப் பச்சை ஆக்கலாம் சேட். பச்சையை மஞ்சள் ஆக்க யாராலயும் ஆகாது" என்றாள் அக்கா. அவள் குரல் எழும்பவே இல்லை.

லலிதா அம்மா சேலைகளை அப்படியே போட்டுவிட்டுப் போனார். கொண்டாப்பூரில் கடை திறந்தால் தன் ஆட்கள் ஒருவர்கூடப் படியேற மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சேட்டுக்கு உள்ளே இறங்கியது அதுதான். ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்தார். யார் தப்போ அவர் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அக்கா பதறவில்லை. அவளுக்கு என்ன பதற்றம், பூர்ணா இருக்கிறாளே. "சேட், சீட்டு பூர்ணா எழுதினது. ஏதோ அவசரத்துல மறந்திருக்கா. எங்களுக்குள்ள ஒரு பேச்சு உண்டு. பச்சைன்னு எழுதினா எலைப்பச்சை, மஞ்சள்னா ஹல்தி. பதினேழு வருஷமா அப்படித்தான். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க, நான் லலிதா அம்மா வீட்டுக்குப் போயிப் பேசறேன். பூர்ணா, சொல்லுடி சேட்கிட்ட."

பூர்ணா கண்ணாடிக் கவுன்ட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஏ மாட அக்கா?" என்றாள். எந்தப் பேச்சு அக்கா என்று கேட்கிறாள்.

அதன் பிறகு அவள் வாயில் ஒரு தமிழ் வார்த்தை வரவில்லை. சேட்டைப் பார்த்துத் தெலுங்கிலேயே சொன்னாள். "அந்த அம்மா பச்ச என்றார், நான் பச்ச என்று எழுதினேன். அக்கா கேட்டாள், பச்சைதான் என்றேன். நம் ஊரில் பச்ச என்றால் என்ன சேட்? சின்னக் குழந்தைக்குத் தெரியும். அக்கா இங்கேயே பிறந்தவள், இத்தனை வருஷமாக இங்கேயே இருப்பவள். அவளுக்குத் தெரியாதா?"

அவள் சொன்னதில் பொய் என்று எதைக் காட்டுவீர்கள்? அந்த அம்மா பச்ச என்றது உண்மை. இவள் பச்ச என்று எழுதியது உண்மை. சத்தியத்தை மட்டும் எடுத்து மடியில் முடிந்துகொண்டுவிட்டாள். என்ன பெண் இவள், எந்த வாயால் இவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தோம் என்று இருந்தது. அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பான ரோலைப் பிரித்துவிட்டால் பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை. எங்கேயோ தவறு, இதோ சரியாகிவிடும் என்று நினைக்கிற பார்வை.

"பூர்ணா, என்னைப் பாத்துச் சொல்லு."

பூர்ணா பார்க்கவில்லை.

சேட் கேட்டார், "இந்தப் பேச்சு வேறு யாருக்காவது தெரியுமா?"

அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. "ஷர்மிளாவுக்குத் தெரியும் சேட். போட்டப்ப அவளும் கூட சாப்பிட்டுட்டு இருந்தா. அன்னிக்கு நான் கேட்டது, இவ பதில் சொன்னது, எல்லாம் அவ பக்கத்துலயேதான். ஷர்மிளா, சொல்லுடி."

ஷர்மிளா நான்தான்.

இத்தனை நேரம் பூர்ணாவைத் திட்டிக்கொண்டிருந்தேன் இல்லையா, இப்போது என்னையும் கேளுங்கள். சேட் என்னைப் பார்த்தார். பூர்ணாவும் பார்த்தாள். அவள் கண்ணில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை, சும்மா பார்த்தாள். கவுன்ட்டரில் நிற்பவள் அவள்தான். எந்தச் சேலையை என்னிடம் தைக்க அனுப்புவது, எதை எதிர்ப்படியில் இருக்கும் ஆளிடம் அனுப்புவது என்பதெல்லாம் அவள் கையில். ஆனால் அந்த நொடியில் நான் அதை நினைத்தேனா என்றால், தெரியவில்லை. இவர்கள் இரண்டு பேர் சண்டையில் நாம் எதற்கு வாயைக் கொடுப்பது என்று தோன்றியது. ஒருத்தி போகத்தான் போகிறாள், யார் என்பதை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னது இது.

"மிஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் சரியா கேக்கல சேட்."

"அந்தப் பழைய பேச்சு?"

"எனக்கு ஞாபகம் இல்ல சேட்."

அன்றைக்குக் கரண்ட் இல்லையே என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மாட்டியிருப்பேன். சொல்லவில்லை. அலமாரியிலிருந்து தன் டப்பாவை எடுத்தாள், குடையை எடுத்தாள். நாற்பத்தாறு சேலைகளில் ஒன்று சரிந்து கிடந்தது. அதை மடித்து மற்றவற்றோடு வைத்தாள். பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனாள். நான் படிக்கு இறங்கும் வாசலில் நின்றிருந்தேன். வழிவிட்டேன்.

கொண்டாப்பூர் கடை பங்குனியில் திறந்தது. பொறுப்பு பூர்ணாவுக்கு. போகும் முன்னால் என்னிடம் வந்து, அந்தக் கடையின் ஃபால், பீக்கோ வேலை அத்தனையும் உனக்குத்தான், வாரம் இரண்டு முறை மூட்டை அனுப்புகிறேன் என்றாள். தமிழில்தான் சொன்னாள். துப்பியிருக்க வேண்டும். "சரி" என்றேன். மூட்டை வரத் தொடங்கியது. தைக்கத் தொடங்கினேன்.

லாலாகுடாவுக்கும் என் வீட்டுக்கும் நடக்கிற தூரம்தான். அந்த நடையை நடக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அக்கா இப்போது அங்கேயே ஒரு தையல்காரரின் கடையில் துணி எடுத்துக் கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரைக் கிலோ திராட்சை வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். நாலு வசவு கிடைக்கும், வாங்கிக்கொள்ளலாம், அழுதுவிடலாம், அவளும் அழுவாள், பிறகு சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் போனேன்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள்.

"வாங்க" என்றாள்.

எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"உக்காருங்க. காபி குடிக்கிறீங்களா?"

நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் நான் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை, நேராகச் சமையலறைக்குப் போய்த் தரையில் உட்காருவேன். காபி வந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் பூர்ணாவைத் திட்டத் தொடங்கினேன். எனக்குத் திட்ட நன்றாக வரும். துரோகி அக்கா அவ, பச்சைத் துரோகி, அவ வெளங்குவாளா, உங்க கையால சாப்பிட்டவ, உங்க வேலையைப் புடுங்கிட்டுப் போயி ஏ.சி.யில உக்காந்திருக்கா என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அக்கா முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ போன் பண்ணா, ரெண்டு வாட்டி" என்றாள். "அழுதா. ஏண்டி அப்படிப் பண்ணேன்னு கேட்டேன். புள்ள யோகேஷ் படிச்சிட்டு இருக்கான், வேலை போயிடும்னு பயந்துட்டேன் அக்கான்னா. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி திட்டினேன் அவளை. வாயில வந்ததெல்லாம் திட்டினேன். அவளை மன்னிக்க எல்லாம் இல்ல. ஆனா ஏன் பண்ணான்னு புரியுது. நானா அவளான்னு ஆயிப்போச்சி, அவ நின்னுக்கிட்டா."

காபி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சேட் உங்களைப் போகச் சொல்லலையே. உங்களுக்கு இன்னா போயிருக்கும்னு நானும் தெனம் யோசிச்சிப் பாக்கறேன். பிடிபட மாட்டேங்குது. உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு திராட்சைப் பையை எடுத்து என்னிடமே கொடுத்து, வெயில் ஏறுது, பாத்துப் போங்க என்றாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் என்னைத் திட்டாமல் அனுப்பியது அன்று ஒருநாள்தான்.